தொலைத்தாலும் வலிக்காத பந்து

கோல்ஃப் பந்தைக் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறீர்களா? ஒரு எலுமிச்சம்பழ அளவுதான் இருக்கும். எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது, குறுக்களவு 42.67 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. உலகம் முழுக்க இதுதான் விதி. சாம்பியன் ஆடும் பந்துக்கும், ஞாயிற்றுக்கிழமை காலையில் உடற்பயிற்சிக்காக ஆடுகிறவரின் பந்துக்கும் இதில் வித்தியாசம் கிடையாது.

விலையில் மட்டும்தான் வித்தியாசம். ஒரு டஜன் ஆயிரம் ரூபாய் சொச்சத்துக்கும் கிடைக்கும். ஐயாயிரத்துக்கும் கிடைக்கும். ஐயாயிரம் என்றால் ஒரு பந்து 416 ரூபாய். ஒரு அடி சரியாக விழாவிட்டால், புதருக்குள்ளோ குளத்துக்குள்ளோ 416 ரூபாய் போய்ச் சேர்ந்துவிடும்.

கோவைப் பக்கம் ஒரு மைதானத்தில் கேடியாக இருக்கும் அந்த அப்பாவுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும். பையைத் தோளில் போட்டுக்கொண்டு 18 குழிகளையும் சுற்றி வர நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஏழெட்டு கிலோமீட்டர் நடை. அதற்கு அவருக்குக் கிடைப்பது ஐந்நூறு ரூபாய். டிப்ஸ் என்பது ஆளையும், அன்றைக்கு அவர் ஆடிய ஆட்டத்தையும் பொறுத்தது.

22 வருடமாக மற்றவர்களின் பந்தைத் தேடிக் கொடுத்தே பழகியவர் அவர். புதுப் பந்து வாங்கக் கடைக்குப் போனது போன வருடம்தான். அதுவும் மகளுக்காக.

சாக்குப் பை நிறைய பொய்

மகளுக்கு 14 வயது. ஒன்பதாம் வகுப்பு. அப்பா வேலை செய்யும் மைதானத்தில் திங்கட்கிழமை மெம்பர்களுக்கு விடுமுறை. அன்றைக்குக் கேடிகள் ஆடிக்கொள்ளலாம். எட்டு வயதில் அப்பாவின் பின்னால் சும்மா நடந்து வந்தவள், ஒன்பது வயதில் கையில் குச்சி பிடித்தாள். மெம்பர் ஒருவர் கொடுத்த பழைய செட். அதன் தண்டுகளை அறுத்து உயரத்தைக் குறைத்துக் கொடுத்தார் அப்பா. பள்ளி விட்டு வந்து வெளிச்சம் போகும்வரை ஆடுவாள்.

பந்துக்குப் பஞ்சமே இல்லை. வீட்டுத் திண்ணையில் ஒரு சாக்குப் பை நிறையக் கிடந்தது. வேலியோரம் கிடைத்தவை, கோடையில் குளம் வற்றியபோது சேற்றில் கிடைத்தவை, மெம்பர்கள் தேடி அலுத்து விட்டுப் போனவை. சிலவற்றில் கம்பெனிப் பெயர், சிலவற்றில் யாரோ மார்க்கர் பேனாவில் போட்ட இனிஷியல். வெள்ளை மஞ்சளாகிப்போன பந்துகளும் அதில் உண்டு.

அவள் நன்றாக ஆடினாள். பயிற்சியாளர் பார்த்துவிட்டு, மலைமேல் இருக்கும் ஒரு மைதானத்தில் நடக்கும் ஜூனியர் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னார். இரண்டு நாள் போட்டி. நுழைவுக் கட்டணத்தை மூத்த மெம்பர் ஒருவர் ஏற்றுக்கொண்டார்.

“பந்து மட்டும் நல்லதா ஒரு டஜன் வாங்கிக் கொடுத்துருப்பா” என்றார் பயிற்சியாளர்.

“வீட்ல ஒரு மூட்டை கிடக்குதுங்களே சார்.”

“அதுதாம்ப்பா பிரச்னையே.”

பிரச்னை என்னவென்று அவர் செய்தே காட்டினார். மூட்டையிலிருந்து கைக்கு வந்த ஆறு பந்துகளை எடுத்துப் போட்டு, ஒரே இடத்திலிருந்து, ஒரே வெட்ஜால், கொடியைப் பார்த்து அடிக்கச் சொன்னார். இரண்டு பந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றது. இரண்டு ஐந்தாறு எட்டு தள்ளி உருண்டது. ஒன்று கிரீனைத் தாண்டிப் போனது. இன்னொன்று, குளத்தில் எத்தனை மாதம் ஊறிக் கிடந்ததோ, பாதி தூரத்திலேயே விழுந்தது.

“நான்தானுங்க சார் தப்பா அடிச்சுட்டேன்” என்றாள் பெண்.

அவள் தப்பாக அடிக்கவில்லை. ஆறு முறையும் ஒரே மாதிரிதான் அடித்திருந்தாள். பந்துதான் ஆறு விதம். இத்தனை வருடமும் பந்தின் குறையை எல்லாம் தன் குறையாக நினைத்து, சரியாக இருந்த கையை மாற்றி மாற்றித் திருத்திக்கொண்டிருந்திருக்கிறாள். அப்பாவுக்கு அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை.

அறுத்துப் பார்த்தால் தெரியும்

மறுநாள் அவர் சைக்கிள் கடைக்குப் போய், சாக்கிலிருந்து எடுத்த மூன்று பந்துகளை வைஸில் இறுக்கி, ஹாக்சா பிளேடால் இரண்டாக அறுத்துக் கொண்டுவந்தார். அப்பாவும் மகளும் திண்ணையில் உட்கார்ந்து, மாதுளம்பழத்தைப் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்கள்.

முதல் பந்தில் பெரிய ரப்பர் உருண்டை, மேலே ஒரே ஒரு தோல். இது இரண்டு அடுக்குப் பந்து. உள்ளே இருப்பது டயரிலும் சேர்க்கப்படும் பாலிபியூட்டடையீன் என்ற செயற்கை ரப்பர். மேல்தோல் ஐயனோமர் என்ற கெட்டியான பிளாஸ்டிக். சீக்கிரம் கீறல் விழாது, விலையும் குறைவு.

இரண்டாவது பந்தில் உருண்டைக்கும் தோலுக்கும் நடுவே இன்னொரு அடுக்கு. மூன்றாவதில் அதுவும் இரண்டாக, மொத்தம் நான்கு. ஐந்து அடுக்குப் பந்துகூட விற்பனையில் இருக்கிறது.

எதற்கு இத்தனை அடுக்கு? ஒரே பந்து, இரண்டு எதிரெதிர் வேலைகளைச் செய்ய வேண்டியிருப்பதால்தான்.

டிரைவரால் ஓங்கி அடிக்கும்போது பந்து அதிகம் சுழலாமல் நீளமாகப் போக வேண்டும். கிரீனுக்குப் பக்கத்திலிருந்து வெட்ஜால் தட்டும்போது அதே பந்து நன்றாகப் பின்பக்கம் சுழன்று, விழுந்த இடத்திலேயே நிற்க வேண்டும். குச்சியும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு விநாடியில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு நேரம்தான். அந்த நேரத்துக்குள், ஓங்கிய அடியில் பந்து முழுசாக நசுங்கி உள் உருண்டை வேலை செய்கிறது. மெல்லிய அடியில் உருண்டைக்கு வேலையே இல்லை. மேல்தோல்தான் வெட்ஜின் வரிப்பள்ளங்களைப் பற்றிக்கொள்கிறது. மிருதுவான தோலுக்கு அடியில் ஒரு கெட்டியான அடுக்கு இருந்தால் அந்தப் பிடி இன்னும் பலமாகும். நடு அடுக்கு இருப்பது இதற்காகத்தான்.

அந்த மிருதுவான தோல் யூரித்தேன். செருப்பின் அடிப்பாகம் செய்யப் பயன்படும் இனத்தைச் சேர்ந்த பொருள்தான். பந்தின் மேல் மெல்லிசாகவும் சீராகவும் அதைப் படிய வைப்பது செலவு பிடித்த வேலை. யூரித்தேன் பந்தின் விலை கூடுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த நிலைக்கு வர பந்துக்கு நெடுநாள் ஆகியிருக்கிறது. ஒரு காலத்தில் தோல் பைக்குள் பறவை இறகைத் திணித்துத் தைத்த பந்தில் ஆடினார்கள். 1848 வாக்கில் மலேயா பக்கத்துக் காட்டு மரத்தின் பாலை இறுக வைத்துச் செய்த கட்டாபெர்ச்சா பந்து வந்தது. புதுப் பந்தைவிட அடிபட்டு வடு விழுந்த பந்துதான் நேராகவும் நீளமாகவும் பறந்ததை ஆட்டக்காரர்கள் கவனித்தார்கள். இன்றைய பந்தின் மேல் இருக்கும் முந்நூறு, நானூறு குழிகளின் ஆரம்பம் அந்த வடுக்கள்தான். பந்தை ஒட்டி ஓடும் காற்றைக் குழிகள் கலைத்துவிடுவதால் பின்னிழுப்பு குறைகிறது. குழியே இல்லாத வழவழப் பந்து ஏறக்குறைய பாதி தூரம்தான் போகும்.

1898-ல் அமெரிக்காவில் கோபர்ன் ஹாஸ்கெல் ரப்பர் நூலை இழுத்துச் சுற்றிச் செய்த பந்து வந்தது. அடுத்த நூறு வருடம் பெரிய ஆட்டக்காரர்களின் கையில் நூல் சுற்றிய பந்துதான். 2000-ம் ஆண்டில் அது மாறியது. நூல் இல்லாத பல அடுக்குப் பந்துக்கு மாறிய டைகர் உட்ஸ், அந்த ஜூனில் அமெரிக்க ஓப்பனை 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அதே அக்டோபரில் டைட்லிஸ்ட் நிறுவனத்தின் புரோ வி1 போட்டிக் களத்துக்கு வந்தது. கொஞ்ச காலத்தில் நூல் பந்து காணாமல் போனது.

ஆளுக்கொரு யோசனை

அப்பா கடைக்குப் போய் விசாரித்தார். “பொண்ணுதானே? சாஃப்ட் பந்து வாங்கிக்கங்க. மெதுவா அடிச்சாலும் தூரம் போகும்” என்றார் கடைக்காரர்.

சக கேடி ஒருவர் அடித்துச் சொன்னார். “ரெண்டு அடுக்கு கெட்டிப் பந்து வாங்குண்ணா. பாறையாட்டம் இருக்கும், பறந்துரும். டஜன் ஆயிரத்திச் சில்லறைதான்.”

மெம்பர் ஒருவர் மூன்று பந்து இருக்கும் சின்னப் பெட்டியை நீட்டினார். இருப்பதிலேயே விலை உயர்ந்த ரகம். “டி.வி-யில ஆடறவங்க எல்லாம் இதுதான். பாப்பாகிட்ட கொடு.”

மூன்று பேர் சொன்னதிலும் பாதி சரி.

மிருதுவான பந்து மெதுவாக அடிப்பவருக்கு அதிக தூரம் போகும் என்பது பல வருடமாகச் சொல்லப்பட்டு வரும் பேச்சு. பந்து எவ்வளவு நசுங்கிக் கொடுக்கும் என்பதைக் கம்ப்ரெஷன் என்ற எண்ணால் சொல்வார்கள். முப்பது, நாற்பது என்றால் மிருது. நூறை ஒட்டியிருந்தால் கெட்டி. உண்மையில் கெட்டிப் பந்துதான் குச்சியிலிருந்து வேகமாகக் கிளம்பும். ஓங்கி அடிப்பவர்களுக்கு அந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். மெதுவாக அடிப்பவர்களுக்குக் கொஞ்சம்தான். ஆக, மிருதுவான பந்தைக் கைக்குப் பிடித்திருந்தால் வாங்கலாம். தூரத்துக்காக என்று நினைத்து வாங்க வேண்டியதில்லை.

கெட்டிப் பந்து பறக்கும் என்றது சரிதான். எங்கே போய் நிற்கும் என்பதைத்தான் அந்தக் கேடி சொல்லவில்லை.

விலை உயர்ந்த பந்து நல்ல பந்து என்றதும் சரி. அதற்குள் இருந்த சிக்கல் ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது.

பின்னாலிருந்து ஒரு பரீட்சை

புதுப் பந்து கிடைத்தால் எல்லோரும் முதலில் டிரைவரை எடுத்து எவ்வளவு தூரம் போகிறது என்று பார்ப்பார்கள். அப்பா அப்படிச் செய்யவில்லை. 22 வருடம் அடுத்தவர் ஸ்கோரை எண்ணிய அனுபவம் அவருக்கு.

“ஒரு ஆட்டத்துல டிரைவர் எத்தனை தடவை எடுப்ப?”

“பதினாலு தடவைக்கு மேல வராதுங்கப்பா.”

“புட்டர்?”

அவள் விரல் விட்டு எண்ணினாள். “முப்பத்தஞ்சு... சில நாள் நாப்பது.”

“அப்ப அங்கிருந்து ஆரம்பிக்கலாம், கண்ணு.”

சாக்கைக் கொட்டி, கீறல் இல்லாத பந்துகளாகப் பொறுக்கினார்கள். இரண்டு அடுக்கில் மூன்று, மூன்று அடுக்கு யூரித்தேனில் மூன்று. மெம்பர் கொடுத்த மூன்று புதுசு. மொத்தம் ஒன்பது.

முதலில் புட்டர். கெட்டிப் பந்து ‘டக்’ என்றது, மற்றது ‘தொப்’ என்றது. “இதுதாங்கப்பா கைக்கு நல்லா இருக்குது” என்று விலை உயர்ந்த பந்தைக் காட்டினாள். அப்பா அவள் காதில் பஞ்சை அடைத்து, பந்துகளை மாற்றி மாற்றி வைத்தார். இப்போது மூன்று அடுக்குப் பந்தையும் மெம்பர் கொடுத்த பந்தையும் அவளால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ‘கை உணர்வு’ என்று நாம் சொல்வதில் ஒரு பங்கு காது கேட்பது. அதற்காக அது பொய் ஆகிவிடாது. அடிக்கிறவருக்குப் பிடித்த சத்தம் நம்பிக்கையைக் கொடுக்கும். ஆனால் அதற்கு எவ்வளவு பணம் தருகிறோம் என்று தெரிந்து கொடுக்க வேண்டும்.

அடுத்து, கிரீனுக்கு வெளியே இருபது யார்டிலிருந்து சிப். இங்கே கதை மாறியது. இரண்டு அடுக்குப் பந்து விழுந்து உருண்டுகொண்டே போனது. மற்ற இரண்டும் ஒரு குதி குதித்து, பிரேக் போட்டதுபோல நின்றன. அப்பா எட்டு வைத்து அளந்தார். நாலு எட்டு வித்தியாசம். நாலு எட்டு என்றால் ஒரு புட்டில் முடிய வேண்டியது இரண்டாகும். மூன்றாகவும் ஆகலாம்.

கடைசியாக டிரைவர். மூன்று ரகமும் 170 யார்டைச் சுற்றித்தான் விழுந்தன. கெட்டிப் பந்து சராசரியாக மூன்று, நாலு யார்டு முன்னால் போனது. ஆனால் அவள் சரியாக அடித்த அடிக்கும் சுமாராக அடித்த அடிக்கும் இருந்த வித்தியாசமே இருபது யார்டு. அதற்கு முன்னால் இந்த நாலு யார்டு எம்மாத்திரம்?

கோவை ஆட்டக்காரர்களுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஜூன், ஜூலையில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் காற்று. எதிர்க்காற்றில் அதிகம் சுழலும் பந்து மேலே எழும்பி, அங்கேயே தொங்கி, பொத்தென்று விழும். அதிலும் பார்த்தார்கள். மூன்று அடுக்குப் பந்து தாக்குப்பிடித்தது.

தூரத்தில் எல்லாம் ஏறக்குறைய ஒன்று. கிரீன் பக்கத்தில் யூரித்தேன் இரண்டும் ஒன்று. புட்டர் சத்தத்தில் மெம்பர் கொடுத்த பந்துக்கு ஒரு மார்க் கூட. மெம்பர் கொடுத்ததே இருக்கட்டும், கடன் வாங்கியாவது ஒரு டஜன் வாங்கிவிடலாம் என்று அப்பா முடிவு செய்துவிட்டார்.

குளத்தைச் சுற்றிப் போன அடி

அடுத்த திங்கட்கிழமை அந்தப் புதுப் பந்தோடு ஒன்பது குழி ஆடினார்கள். ஏழாவது குழியில் ஒரு குளம். தாண்ட 120 யார்டு. ஒரு வருடமாகச் சாக்குப் பந்தால் அவள் அதைத் தாண்டி அடித்துக்கொண்டுதான் இருந்தாள். பத்துக்கு எட்டு முறை தாண்டும். இரண்டு முறை ‘களக்’ என்று சத்தம் கேட்கும்.

அன்றைக்கு அவள் சின்னக் குச்சியை எடுத்தாள். குளத்துக்கு இடதுபக்கம் வறண்டு கிடந்த புல்லைப் பார்த்து, பத்திரமாக ஒரு தட்டு. அங்கிருந்து கிரீனுக்கு இன்னொரு தட்டு. ஒரு ஸ்ட்ரோக் கூடுதல்.

அப்பா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

“ஏங்கண்ணு அந்தப் பக்கம் அடிச்ச? கை வலிக்குதா?”

“இல்லீங்கப்பா.”

“பின்ன?”

“தண்ணியில போயிட்டா நானூறு ரூபாங்கப்பா. நீங்க ஒரு நாள் முழுக்க நடக்கறது.”

அப்பாவுக்கு அதற்குப் பதில் இல்லை.

பந்தின் தரத்தை அளக்க எத்தனையோ கருவி இருக்கிறது. சுழற்சியை அளக்கலாம், வேகத்தை அளக்கலாம். அடிப்பவரின் மடியில் எவ்வளவு பாரம் என்பதை அளக்கும் கருவி கிடையாது. தொலைந்துவிடுமோ என்று பயந்துகொண்டே அடிக்கும் பந்து எத்தனை அடுக்காக இருந்தால் என்ன? தைரியமாக அடிக்க முடியாத பந்து, அவளுக்கு நல்ல பந்து இல்லை.

நமக்கும் இது தெரியாததில்லை. கல்யாணத்துக்கு எடுத்த விலை உயர்ந்த பட்டுப்புடவையை மழைக்குப் பயந்து பீரோவிலேயே வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர்? விலை அதிகம் என்பதாலேயே பயன்படாமல் போகும் பொருள்கள் எல்லா வீட்டிலும் உண்டு. பரிட்சைக்குப் போகும் பிள்ளைக்குப் புதுசாகத் தங்க நிறப் பேனா வாங்கிக் கொடுத்து, ‘தொலைச்சுடாதே’ என்று பத்து முறை சொல்லி அனுப்பினால், பிள்ளையின் கவனம் எங்கே இருக்கும்?

நடுவில் இருந்தது

கடைசியில் வாங்கியது மூன்று அடுக்கு, யூரித்தேன் தோல், போன வருட மாடல். புது மாடல் வந்ததும் பழையதை விலை குறைத்து விற்பார்கள். மூவாயிரத்தை ஒட்டி இருந்தது 2,200 ரூபாய்க்குக் கிடைத்தது. ஒரு பந்து 183 ரூபாய்.

“ஒரு டஜன்ல அஞ்சு தொலையும்னு நானே கணக்குப் போட்டு வெச்சிருக்கேன். அதுக்குள்ள நீ பயப்படக் கூடாது. ஆறாவது போச்சுன்னா அப்பறம் பேசிக்கலாம்” என்றார் அப்பா. மெம்பர் கொடுத்த பந்துகளை நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

நல்ல பந்து என்றால் விலையும் உச்சத்தில்தான் இருக்க வேண்டும் என்ற நம்பிக்கையை 2016-ல் ஒரு சம்பவம் அசைத்துப் பார்த்தது. அமெரிக்காவின் காஸ்ட்கோ கடைகளில் கிர்க்லாண்ட் என்ற சொந்தப் பெயரில் நான்கு அடுக்குப் பந்தை இரண்டு டஜன் 30 டாலருக்கு விற்றார்கள். பேர்பெற்ற பந்து ஒரு டஜனுக்கு ஆகும் விலையைவிட அது குறைவு. பந்து வந்த வேகத்தில் தீர்ந்துபோனது. விஷயம் நீதிமன்றம்வரை போய், பிறகு சமரசத்தில் முடிந்தது. அதன் பிறகு நடுத்தர விலையில் யூரித்தேன் பந்துகள் நிறையவே வந்துவிட்டன.

உங்கள் வீட்டிலும் யாராவது கோல்ஃப் ஆட ஆரம்பித்திருந்தால், இந்த அப்பா கற்றுக்கொண்டவை உதவும்.

முதலில் ரகத்தைவிட முக்கியம், ஒரே ரகம். எந்தப் பந்தானாலும் தினமும் அதிலேயே ஆடினால்தான் தவறு கையிலா பந்திலா என்பது தெரியும்.

இப்போதுதான் கற்றுக்கொள்கிறவர், ஒரு ஆட்டத்தில் அஞ்சாறு பந்து தொலைப்பவர் என்றால் இரண்டு அடுக்கே போதும். கிரீனில் பந்தை நிறுத்தும் அளவுக்குக் கை பழகிய பிறகு யூரித்தேன் தோலுக்குக் காசு கொடுக்கலாம். பெட்டியின் மேல் எத்தனை அடுக்கு என்பதைவிட, தோல் யூரித்தேனா ஐயனோமரா என்று பாருங்கள். மூன்று அடுக்கு என்று போட்டிருக்கும் எல்லாவற்றிலும் யூரித்தேன் இருக்காது.

பழைய பந்து வாங்கினால் துடைத்துத் தரம் பிரித்ததை வாங்கலாம். மேலே மறுபடி பெயின்ட் அடித்துப் புதுசாக்கியதை வாங்க வேண்டாம். பெயின்ட் குழிகளின் ஆழத்தை மாற்றிவிடும்; உள்ளே எத்தனை நாள் தண்ணீர் குடித்தது என்பதையும் மறைத்துவிடும். போட்டிக்குப் போகிறவர்கள், அனுமதிக்கப்பட்ட பந்துகளின் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

டஜனாக வாங்கும் முன் மூன்று பந்துப் பெட்டி ஒன்று வாங்கிப் பாருங்கள். கிரீனிலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்.

மலைமேல் இரண்டு நாள்

மலைக் காற்று லேசானது. ஊட்டி போல 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடத்தில் பந்து சமவெளியைவிட ஏழெட்டு சதவிகிதம் கூடுதலாகப் போகும். முதல் நாள் முதல் மூன்று குழிகளிலும் அவள் அடித்த பந்து கிரீனைத் தாண்டியே விழுந்தது. சாக்குப் பந்தாக இருந்திருந்தால் காரணம் மலையா, பந்தா, கையா என்று குழம்பியிருப்பாள். இப்போது பந்து தெரிந்த பந்து, கை தெரிந்த கை. மிச்சம் இருப்பது மலை மட்டும்தானே? நாலாவது குழியில் ஒரு நம்பர் சின்னக் குச்சியை எடுத்தாள். பந்து கொடிக்குப் பக்கத்தில் நின்றது.

இந்த ஆட்டத்தில் பெற்றவர்களுக்கு எப்போதும் ஒரு இடம் உண்டு. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெங்களூரு அதிதி அசோக் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் வெண்கலத்தைத் தவறவிட்டு நாலாவதாக வந்தபோது, அவர் பையைச் சுமந்தது அம்மா. அதிதி தூரம் அடிப்பவர் இல்லை. அங்கே அவரைக் கொண்டு நிறுத்தியது கிரீன் பக்கத்து ஆட்டம். கேடியாக இருந்தே ஆட்டக்காரர் ஆனவர்களும் நம் நாட்டில் உண்டு. டெல்லி கோல்ஃப் கிளப்பில் கேடியாக இருந்த அலி ஷேர், 1991-ல் இந்திய ஓப்பனை வென்றார்.

ஆனால் அந்த ஜூனியர் போட்டியில் பெற்றோர் பை தூக்கக் கூடாது, பக்கத்தில் வரவும் கூடாது. 22 வருடம் பையோடு நடந்த மனுஷன், இரண்டு நாளும் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

இரண்டாம் நாள் பதினோராவது குழி. நடுவில் ஒரு ஓடை, தாண்ட 130 யார்டு. அவள் நேராகவே அடித்தாள். பந்து ஓடையில் விழுந்தது. அபராத ஸ்ட்ரோக் வாங்கிக்கொண்டு, பையிலிருந்து இன்னொன்றை எடுத்துப் போட்டு, அதே குச்சியால் அதே திசையில் மறுபடி அடித்தாள். தாண்டியது.

பதினாறாவது குழியில் ஒரு பந்து வலதுபக்கப் புதருக்குள் போனது. முன்னெச்சரிக்கையாக ஒரு புரொவிஷனல் பந்தை அடித்துவிட்டுத் தேடப் போனாள். விதிப்படி தேட மூன்று நிமிடம்தான். அது எந்தப் புதரில், எந்தக் கிளைக்கு அடியில் விழுந்தது என்று அப்பாவுக்குத் தெரியும். அவர் வாழ்க்கை முழுக்க செய்த வேலையே அதுதான். இருந்த இடத்தைவிட்டு அவர் அசையவில்லை. மூன்று நிமிடம் முடிந்தது. அவள் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, புரொவிஷனல் பந்தை நோக்கி நடந்துவிட்டாள்.

பதினேழு பெண்களில் அவள் ஒன்பதாவதாக வந்தாள். கோப்பை இல்லை. ஒரு சான்றிதழும், சாப்பாட்டு டோக்கனும் கொடுத்தார்கள்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. அப்பா பதினாறாவது குழி இருந்த பக்கமே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அந்தப் பந்து எங்க கிடக்குதுன்னு எனக்குத் தெரியும் கண்ணு. ரெண்டு நிமிஷம் இரு, எடுத்துட்டு வந்தர்றேன்.”

அவள் பையின் ஜிப்பைத் திறந்து எண்ணிப் பார்த்தாள்.

“விடுங்கப்பா. இன்னும் ஒம்பது இருக்குது.”